நந்தவனத்துக்கும் வீட்டு முற்றத்துக்கும் ஏற்ற வண்ண மூலிகைகள்

சித்திரைப் புத்தாண்டை முன்னிட்டு ஆலயங்களில் மருத்துநீர் காய்ச்சப்படுகிறது. தாழம்பூ, தாமரைப்பூ, மாதுளம்பூ, துளசி, வில்வம், அறுகு, விஷ்ணுகிராந்தி, சீதேவியார் செங்கழுநீர், மஞ்சள், மிளகு, சுக்கு முதலியவற்றோடு பால், கோசலம், கோமயம், கோரோசனை என்பனவும் சேர்த்து அது முறைப்படி தயாரிக்கப்படுகிறது. குருக்கள் ஐயா வழங்கும் அந்நீரை அடியார்கள் செம்பிலும் போத்தலிலும் பெற்றுச் சென்று, புண்ணிய காலத்திலே தலையிற் தேய்த்து நீராடிப் புத்தாடை அணிவர்.

இந்தப் பட்டியலில் உள்ளவற்றுள் பெரும்பாலானவை கிராமத்து மண்ணிலே வளரக்கூடியவை. சீதேவியார் செங்கழுநீர் ஊதா நிறப் பூவோடு ஆலய வீதியோரத்திலே தானாக முளைப்பது. விஷ்ணுகிராந்தி நீல நிறச் சிறு பூவோடு தரையிலே படர்வது. ஆயினும் இக்காலத்தில் நடப்பது என்ன? பங்குனி மாதக் கடைசியில் ஆலய வீதியைச் சிரமதானம் செய்யும்போது இவையிரண்டும் புல்லோடு புல்லாகச் செருக்கிக் குவித்து எரிக்கப்படுகின்றன. சில நாட்களின் பின் அதே மூலிகைகள் காய்ந்த பொட்டலமாகப் பட்டணத்துக் கடையிலிருந்து விலை கொடுத்து வாங்கி வரப்படுகின்றன. எரித்தவர்களைக் குறை கூறுவதற்கில்லை. அவர்களுக்கு அச்செடியின் பெயரை எவரும் சொல்லிக் கொடுக்கவில்லை.

ஆலயத்துக்குப் பூவும், வீட்டுக்கு மருந்தும், முற்றத்துக்கு அழகும் ஒரே செடியிலிருந்து கிடைக்குமாயின் அதனைப் பேணுவது இலகு. வண்ணப் பூவும் வண்ண இலையும் தரும் மூலிகைகளைத் தெரிந்தெடுத்து வளர்க்கும் முறையினை இக்கட்டுரை விளக்குகிறது.

நந்தவனத் தொண்டு

சைவ சமயத்திலே திருநந்தவனம் அமைத்தலும், பூக் கொய்தலும், மாலை தொடுத்தலும் சரியைத் தொண்டுகளாகப் போற்றப்படுகின்றன. அறுபத்துமூன்று நாயன்மாருள் ஒருவராகிய முருக நாயனார் திருப்புகலூரிலே வைகறையில் எழுந்து நீராடி, கோட்டுப்பூ, கொடிப்பூ, நீர்ப்பூ, நிலப்பூ என்னும் நால்வகைப் பூக்களையும் கொய்து மாலைகள் தொடுத்து இறைவனுக்குச் சாத்தி முத்தி பெற்றார். கருவூரிலே சிவகாமியாண்டார் கொண்டுவந்த பூக்கூடையை யானை பறித்துச் சிந்தியபோது அதனைப் பொறாது மழுவெடுத்தவர் எறிபத்த நாயனார். ஒரு கூடைப் பூவின் பெறுமதியை அக்காலத்து அடியார்கள் எவ்வாறு கருதினர் என்பதை இவ்வரலாறுகள் காட்டுகின்றன. எப்பூ எத்தெய்வத்துக்கு உகந்தது என்பதைச் சொல்வதற்கெனவே கமலை ஞானப்பிரகாசர் 'புட்பவிதி' என்னும் நூலை இயற்றினார்.

நால்வகைப் பூ என்னும் பகுப்பு தோட்டம் அமைப்பவர்க்கும் நல்ல வழிகாட்டியாகும். கோட்டுப்பூ என்பது மரக்கொம்பிலே பூப்பது. கொன்றை, மாதுளை போன்றவை. கொடிப்பூவுக்கு மல்லிகை, முல்லை, சங்குப்பூ என்பன உதாரணம். நீர்ப்பூ தாமரையும் அல்லியும். நிலப்பூ என்பது தும்பை, துளசி போன்ற சிறு செடிகளின் பூ. மரத்துக்கு ஒரு மூலை, கொடிக்கு ஒரு வேலி, நீர்ப்பூவுக்கு ஒரு தொட்டி, சிறு செடிக்கு ஒரு பாத்தி என்று இடம் ஒதுக்கினால் சிறிய வளவிலும் நால்வகையும் அடங்கும்.

வேலியோடு போன மூலிகைகள்

யாழ்ப்பாணத்துக் கிராமங்களில் முன்பு தனியாக மூலிகைத் தோட்டம் வைத்தவர் குறைவு. வேலியே மூலிகைத் தோட்டமாக இருந்தது. கிளுவை, பூவரசு, முள்முருக்கு, ஆடாதோடை, நொச்சி என்பன கதியாலாக நின்றன. அவற்றிலே தூதுவளையும் சங்குப்பூவும் முசுமுசுக்கையும் படர்ந்தன. சிவபூசைக்குரிய பஞ்ச வில்வங்கள் எனப்படும் வில்வம், விளா, நொச்சி, கிளுவை, மாவிலங்கை என்பவற்றுள் சில வேலியிலும் கோடியிலும் நின்றன. காலையில் பூக்கூடையோடு புறப்படும் மூதாட்டி ஒருவர் ஓர் ஒழுங்கை முழுவதும் நடந்து முடிப்பதற்குள் கூடை நிறைந்துவிடும்.

1995ஆம் ஆண்டு இடப்பெயர்வின்போது வலிகாமத்து வளவுகள் ஆளின்றிக் கிடந்தன. பல இடங்களில் மரங்களும் வேலிகளும் அழிந்தன. மீண்டு வந்து வீடு கட்டியோர் பாதுகாப்புக் கருதி மதில் கட்டினர். மதில் கட்டுவது தவறன்று. ஆனால் வேலியோடு போன செடிகள் மதிலுக்கு உட்புறத்தில் மீண்டும் நடப்படவில்லை. நட்டவை பெரும்பாலும் பூச்சாடியில் வாங்கிய குரோட்டன்களே. அவை அழகானவை, எனினும் பூசைக்கும் மருந்துக்கும் உதவுவன அல்ல. அதே இடத்தில், அதே நீரில், அதே அழகைத் தரும் மூலிகைகள் உண்டு என்பதே இங்கு கவனிக்க வேண்டியது.

நிறம் எவ்வாறு வருகிறது

பூவுக்கும் இலைக்கும் நிறம் தருபவை அவற்றிலுள்ள சாயப் பொருட்களாகும். இலையின் பச்சை நிறம் பச்சையத்தால் வருகிறது. மஞ்சளும் செம்மஞ்சளும் பெரும்பாலும் கரற்றின் வகைப் பொருட்களால் வருபவை. நீலம், ஊதா, சிவப்பு என்பன பெரும்பாலும் அந்தோசயனின் என்னும் பொருளால் வருகின்றன. சிவப்புக் கீரைக்கும் பீற்றூட் கிழங்குக்கும் வேறொரு வகைச் செஞ்சாயம் உண்டு. வெள்ளைப் பூவிலே சாயப்பொருள் இல்லை. இதழ்களுக்குள் உள்ள காற்றிடைவெளிகளில் ஒளி சிதறுவதால் அது வெள்ளையாகத் தோன்றுகிறது.

இதனைச் சிறுவர்களுக்குக் காட்ட இலகுவான வழி உண்டு. சங்குப்பூ நான்கைந்தை வெந்நீரில் இட்டால் நீர் நீலமாகும். அதில் தேசிக்காய்ப் புளி சில துளி விட்டால் ஊதாவாகும். புளிப்புக்கு ஏற்ப அந்தோசயனின் நிறம் மாறுவதே இதற்குக் காரணம். அறநெறி வகுப்பிலே இதனைச் செய்து காட்டினால் பிள்ளைகள் அந்தப் பூவை மறக்கமாட்டார்கள்.

செடி வளர்ப்பவர் இதிலிருந்து இரண்டு விடயங்களை அறிதல் வேண்டும். முதலாவது, கருந்துளசி போன்ற ஊதா இலைச் செடிகளுக்கு நல்ல வெயில் தேவை. நிழலில் வைத்தால் அவற்றின் நிறம் மங்கிப் பச்சையாகிவிடும். இரண்டாவது, யூரியா போன்ற தழைச்சத்துப் பசளையை அளவுக்கு மீறி இட்டால் இலை செழிக்கும், பூ குறையும். மேலதிகப் பசளை மழையோடு கீழிறங்கிக் கிணற்று நீரையும் கெடுக்கும். ஆகவே பூச்செடிக்குக் கூட்டெருவே போதுமானது.

பூவினால் அழகு தருபவை

செவ்வரத்தை: ஐந்து இதழ் கொண்ட அடுக்கில்லாத சிவப்பு வகையே பூசைக்கும் மருந்துக்கும் பெரிதும் பயன்படுவது. பூ ஒரு நாளே நிற்கும். ஆனால் ஆண்டு முழுவதும் பூக்கும். இலையையும் பூவையும் அரைத்துத் தலைக்கு வைத்து முழுகுவது பழைய வழக்கம். தடியை வெட்டி நட்டால் முளைக்கும். செடிக்குச் செடி 5 அடி இடைவெளி விடுதல் நன்று.

சங்குப்பூ: காக்கணவன் எனவும் கருவிளை எனவும் பெயர் பெறும். நீலமும் வெள்ளையும் உண்டு. விதையை ஓரிரவு நீரில் ஊறவைத்து மதிலோரத்தில் ஊன்றி, கயிறோ கம்பிவலையோ கட்டிவிட்டால் ஏறிப் படரும். ஏறத்தாழ இரண்டு மாதத்தில் பூக்கத் தொடங்கும். அவரை இனத்தைச் சேர்ந்ததால் தன் வேரிலே தழைச்சத்தைச் சேர்த்து நிலத்தையும் வளமாக்கும். இதன் வேரும் விதையும் பேதியை உண்டாக்குவன. பிள்ளைகள் விதையை வாயில் வைக்காமற் பார்க்க வேண்டும்.

ஆவரசு: பொன்னிறப் பூ. வறட்சியைத் தாங்குவதில் இதற்கு நிகர் குறைவு. சிங்கள மக்கள் இதனை ரணவரா என்று அழைத்து, இதன் பூவை அவித்துப் பானமாக அருந்துவர். யாழ்ப்பாணத்திலும் ஆவரசம்பூக் குடிநீர் வழக்கில் உண்டு. கிணறு உவராகும் இடங்களிலும் மாரி நீரைக் கொண்டே நின்று பிடிக்கும்.

நித்தியகல்யாணி: பட்டிப்பூ என்றும் சொல்வர். வெள்ளையும் இளஞ்சிவப்பும் பொதுவானவை. பெயருக்கேற்ப எந்நாளும் பூக்கும். மடகஸ்கார் தீவே இதன் தாயகம். கனடாவிலே ஆராய்ச்சி செய்த றொபேட் நோபிள், சாள்ஸ் பீயர் ஆகியோர் 1958ஆம் ஆண்டில் இச்செடியிலிருந்து வின்பிளாஸ்ரின் என்னும் மருந்தைப் பிரித்தறிந்தனர். பின்னர் இதே செடியிலிருந்து பெறப்பட்ட வின்கிறிஸ்ரின் சிறுபிள்ளைகளின் இரத்தப் புற்றுநோய்க்கு இன்றும் கொடுக்கப்படுகிறது. படலையடியில் எவரும் கவனியாது நிற்கும் செடி இத்தகையது. ஆனால் அம்மருந்து தொழிற்சாலையிலே பிரித்தெடுத்து, நுண்ணளவாக, வைத்தியசாலையில் கொடுக்கப்படுவது. வீட்டிலே இதன் இலையை அவித்துக் குடிப்பது நஞ்சு குடிப்பதற்கு ஒப்பாகும்.

ஆடாதோடை: வெள்ளைப் பூவிலே மெல்லிய ஊதா வரி ஓடும். இலை கரும்பச்சை. ஆடு மாடு கடிப்பதில்லையாதலால் வேலிக்கு உகந்தது. இருமல் சளிக்கு வைத்தியர்கள் கையாளும் முதன்மை மூலிகைகளுள் ஒன்று. இதிலுள்ள வாசிசின் என்னும் பொருளை அடியாகக் கொண்டே ஆங்கில மருத்துவத்தில் சளியை இளக்கும் புறோம்ஹெக்சின் என்னும் மருந்து ஆக்கப்பட்டது.

மாதுளை: செம்மஞ்சள் கலந்த சிவப்புப் பூ. சுண்ணாம்பு மிகுந்த மண்ணையும் வெயிலையும் தாங்கும். மருத்துநீருக்குப் பூவும், வயிற்றோட்டத்துக்குப் பழத்தோலும், பிள்ளைகளுக்குப் பழமும் உதவும்.

தூதுவளை: ஊதாப் பூவும் சிவந்த பழமும் தரும் முட்கொடி. மாரியிலே செழிக்கும். இலையை இரசத்திலும் துவையலிலும் சேர்ப்பர். முள் இருப்பதால் நடைபாதைக்கு விலகி நடுதல் வேண்டும்.

தும்பை, விஷ்ணுகிராந்தி, சீதேவியார் செங்கழுநீர்: முறையே வெள்ளை, நீலம், ஊதா. இம்மூன்றையும் நட வேண்டியதில்லை, விட்டுவைத்தால் போதும். விதை முற்றி உதிரும்வரை ஒரு முழ அகலப் பாத்தியைச் செருக்காமல் விட்டால் அடுத்த மாரியில் தாமாகவே வரும். பங்குனி வரை வாடாதிருக்க மாசி தொடக்கம் இரண்டு நாளுக்கு ஒருமுறை நீர் தெளித்தல் வேண்டும்.

இலையினால் அழகு தருபவை

பூ இல்லாத நாளிலும் முற்றத்துக்கு அழகு தருபவை இலைகளே. துளசியிலே பச்சை இலை வகையும், தண்டும் இலையும் கருஞ்சிவப்பான கருந்துளசியும் உண்டு. இரண்டையும் அருகருகே நட்டால் ஒன்றின் நிறம் மற்றொன்றை எடுத்துக்காட்டும். பூங்கதிர் முற்றுமுன் கிள்ளிவிட்டால் செடி பக்கக் கிளை விட்டு அடர்ந்து வளரும். எல்லாக் கதிரையும் விதையாக விட்ட துளசி விரைவில் முதிர்ந்து பட்டுப்போகும். ஒரு கதிரை மட்டும் விதைக்கென விட்டு, ஆண்டுக்கு ஒருமுறை புதுக்கன்று எழுப்புதல் முறையாகும்.

திருநீற்றுப்பச்சை துளசி இனத்தைச் சேர்ந்தது. இலை இளம்பச்சை, சில வகைகளில் தண்டும் கதிரும் ஊதா. சர்பத்திலும் பலூடாவிலும் ஊறவைத்துப் போடும் கசகசா இவ்வினத்து விதையே என்பது பலருக்குத் தெரியாது. கற்பூரவள்ளி தடித்த மெல்லுரோம இலை கொண்டது. இலையோரம் வெள்ளையாக இருக்கும் வகையும் உண்டு. அரைநிழலிலும் பூச்சாடியிலும் வளரும். நொச்சியின் இலை மேற்புறம் பச்சையும் கீழ்ப்புறம் சாம்பல் நிறமுமாகக் காற்றில் புரளும்போது இரு நிறம் காட்டும். தடிமனுக்கு அதன் இலையை அவித்து ஆவி பிடிப்பர். நெல் மூட்டைக்குள் இட்டால் பூச்சி அணுகாது என்பதும் பழைய அனுபவம். சிவப்புக் கீரையைப் பாத்தி ஓரமாக வரிசையில் விதைத்தால் மூன்று நான்கு வாரத்தில் செந்நிறக் கரை போட்டதுபோல் இருக்கும், கறிக்கும் உதவும்.

மஞ்சளின் அகன்ற இலையும் அழகானதே. சித்திரை வைகாசியில் கிழங்கை நட்டால் தை மாதமளவில் இலை காய்ந்து கிழங்கு எடுக்கலாம். 2020ஆம் ஆண்டில் இறக்குமதி கட்டுப்படுத்தப்பட்டு மஞ்சள் விலை ஏறியபோது, கிணற்றடியில் நாலு மூடு வைத்திருந்த வீட்டார் அந்தத் தட்டுப்பாட்டை அதிகம் உணரவில்லை.

நிலமும் நீரும் காலமும்

யாழ்ப்பாணக் குடாநாட்டின் அடித்தளம் சுண்ணக்கல். மண்ணிலும் கிணற்று நீரிலும் சுண்ணாம்பு கலந்திருக்கும். இதனால் செவ்வரத்தை, வெட்சி போன்றவற்றின் இளம் இலைகள் நரம்பு பச்சையாக இருக்க இடைப்பகுதி மஞ்சளாவதுண்டு. இது பெரும்பாலும் இரும்புச்சத்தைச் செடியால் எடுக்க முடியாமையால் வருவது. சாம்பலோ சுண்ணாம்போ இட்டால் நிலைமை மோசமாகும். கூட்டெருவும் குழையும் தாராளமாக இடுவதே பரிகாரம். பூவரசங்குழை, சீமைக்கிளுவைக் குழை, வேப்பங்குழை என்பவற்றை மரத்தடியிலே தாழ்த்தி மண் மூடுவது நம்பத்தக்க பழைய முறை.

நடுவதற்கு உகந்த காலம் புரட்டாதிக் கடைசியும் ஐப்பசி முற்பகுதியும் ஆகும். ஆண்டு மழையின் பெரும்பகுதி ஐப்பசி தொடக்கம் மார்கழி வரை வடகீழ்ப் பருவக்காற்றோடு கிடைப்பதால், அதற்குள் வேர் பிடித்த செடி அடுத்த சோளகக் காற்றையும் கோடையையும் தாங்கும். செவ்வரத்தை, ஆடாதோடை, நந்தியாவர்த்தம் என்பவற்றைப் பெருவிரல் மொத்தத்துக்குச் சற்றுக் குறைந்த முற்றிய தடியாகத் தெரிந்து, 8 அங்குல நீளத்தில் அடிப்பக்கம் சரிவாக வெட்டி, இரண்டு கணு மண்ணுக்குள் போக நடுதல் வேண்டும். நாலைந்து வாரம் நிழலில் ஈரம் காயாமல் வைத்து, புதுத் தளிர் விட்டபின் இடம் மாற்றலாம்.

பூச்சாடிக்குச் செம்மண், மணல், கூட்டெரு மூன்றையும் சம பங்காகக் கலந்தால் போதும். அடித்துளையை ஓட்டுத்துண்டால் மூடி நீர் வடிய விட வேண்டும். சாடியின் கீழ்த் தட்டில் நீர் தேங்கினால் டெங்கு நுளம்பு பெருகும். ஆகவே தட்டு வைப்பதைத் தவிர்த்தல் நன்று. தாமரை, அல்லித் தொட்டியில் கப்பி மீன் விட்டால் நுளம்புக் குடம்பிகளை அவை உண்டுவிடும்.

கோடையில் காலையோ மாலையோ அடியில் ஊறும்படி நீர் விடுதல் வேண்டும். பனையோலைத் துண்டும் காய்ந்த சருகும் அடியில் பரப்பினால் ஈரம் நிற்கும். ஆலயத்திலே அபிஷேக நீரை நந்தவனத்துக்கு விடுவது வழக்கம். பாலும் எண்ணெயும் கலந்த நீர் ஒரே இடத்தில் தேங்கினால் வேர் அழுகும். சிறு வாய்க்கால் வெட்டி நாளுக்கொரு பாத்தியாக மாற்றி விடுவது நலம்.

நிர்மாலியப் பூக்களையும் வீணாக்க வேண்டியதில்லை. மிதிபடாத மூலையில் குழி வெட்டி, பூவும் சருகும் சாணமும் அடுக்கடுக்காக இட்டு மூடினால் சில மாதங்களில் நல்ல எருவாகும். மாலை கட்டிய நைலோன் நூல் உக்காது. ஆதலால் வாழைநாரில் தொடுப்பது தொண்டாகவும் தோட்டத்துக்கு உதவியாகவும் அமையும்.

செவ்வரத்தையில் வெண்மாப்பூச்சி பற்றினால் முதலில் நீரை வேகமாகப் பீச்சிக் கழுவ வேண்டும். அடங்காவிடின் ஒரு லீற்றர் நீருக்கு ஒரு தேக்கரண்டி வேப்பெண்ணெயும் சிறிது சவர்க்காரக் கரைசலும் கலந்து மாலையில் தெளிக்கலாம். கடுமையான இரசாயன மருந்துகள் பூசைப் பூவுக்கும் மருந்து இலைக்கும் ஆகா.

அழகுள்ளதெல்லாம் அருந்தத்தக்கதன்று

இறைவனுக்குச் சாத்தும் பூ ஆகையால் தீங்கு செய்யாது என்று எண்ணுவது ஆபத்தானது. அலரி பூசைக்கு உரியது. ஆனால் செடி முழுவதும் நஞ்சு. மஞ்சள் அலரியின் விதை இருதயத்தைத் தாக்கும் கொடிய நஞ்சு. ஊமத்தை சிவபெருமானுக்கு உகந்தது. உண்டால் புத்தி தடுமாறும். எருக்கலையின் பால் கண்ணிற் பட்டால் பார்வையைப் பாதிக்கும். குண்டுமணி விதை கண்ணைக் கவரும் சிவப்பும் கறுப்புமானது; கடித்து விழுங்கினால் உயிராபத்து. கார்த்திகைப்பூ எனப்படும் காந்தளின் கிழங்கை உண்ணும் கிழங்கென எண்ணி அவித்து உண்டு உயிரிழந்தவர்களும் இலங்கையில் உளர்.

ஆகவே இவற்றைச் சிறு பிள்ளைகள் உள்ள வீட்டு முற்றத்தில் வையாது, ஆலய நந்தவனத்தின் உட்புறத்தில், பெயர்ப்பலகையோடு வைப்பதே முறை. பறித்தபின் கை கழுவுதல் வேண்டும். யாராவது தவறி உண்டுவிட்டால் கைவைத்தியம் பார்த்து நேரம் போக்காது, அச்செடியின் துண்டையும் எடுத்துக்கொண்டு உடனே அரசினர் வைத்தியசாலைக்குக் கொண்டு செல்ல வேண்டும். மருந்தாகப் பயன்படுத்தும் மூலிகைகளையும் அளவும் அனுபானமும் அறிந்த சித்த வைத்தியரைக் கேட்டே எடுக்க வேண்டும். கர்ப்பிணிகளும், நாட்பட்ட நோய்க்கு மருந்து எடுப்போரும் இதில் விசேட கவனம் கொள்ள வேண்டும். செகராசசேகரம், பரராசசேகரம் போன்ற வைத்திய நூல்களைத் தந்த மண்ணிலே, கைதடியில் யாழ்ப்பாணப் பல்கலைக்கழகம் சித்த மருத்துவம் கற்பித்து வருகிறது. கேட்டறிவதற்கு ஆளில்லை என்று கூற இடமில்லை.

வெள்ளைச் சிறுபூவோடு கரட் இலை போன்ற இலை கொண்ட பார்த்தீனியம் மாட்டெருவோடு வளவுக்குள் புகுவதுண்டு. அது மூலிகையன்று, தோலிலும் சுவாசத்திலும் ஒவ்வாமை தரும் களை. பூக்குமுன் கையுறை அணிந்து வேரோடு பிடுங்கி அழிக்க வேண்டும்.

பூக் கொய்யும் முறை

நீராடித் தூய ஆடை அணிந்து, சூரியோதயத்துக்கு அண்மித்த நேரத்தில் பூக் கொய்தல் வேண்டும். முகர்ந்த பூ, நிலத்தில் விழுந்த பூ, பூச்சி அரித்த பூ, பழம்பூ என்பன ஆகா. திருவாரூரிலே பூமண்டபத்தருகே வீழ்ந்த பூவை எடுத்து முகர்ந்த அரசமாதேவியைச் செருத்துணை நாயனார் தண்டித்த வரலாறு அடியார்கள் அறிந்ததே. விநாயகருக்குத் துளசியும், சிவபெருமானுக்குத் தாழம்பூவும், அம்பாளுக்கு அறுகும், வைரவருக்கு நந்தியாவர்த்தமும் சாத்துவதில்லை என்பது வழிவழி வந்த மரபு. விநாயகருக்கு அறுகும் வெள்ளெருக்கும், சிவனுக்கு வில்வமும் கொன்றையும் தும்பையும், அம்பாளுக்குச் செவ்வரத்தையும், திருமாலுக்குத் துளசியும் உகந்தவை. வில்வத்தைச் சோமவாரம், சதுர்த்தி, அட்டமி, நவமி, அமாவாசை ஆகிய நாட்களில் பறிப்பதில்லை. முதல்நாளே பறித்து வைத்துக்கொள்ளலாம். மரத்துக்கும் இதனால் ஓய்வு கிடைக்கிறது. கிளையை முறியாமல், அரும்பைக் கலையாமல், மூன்றில் ஒரு பங்கைச் செடியிலேயே விட்டுப் பறிப்பது நாளைய பூசைக்கும் தேனீக்கும் நாம் விட்டுவைக்கும் பங்காகும்.

வீட்டுக்குப் பத்துச் செடி

இடம் குறைந்த வீட்டாரும் பின்வரும் பத்தையும் வைக்கலாம்.

1. வீட்டு முன்றிலில் மாடத்தில் துளசி.
2. நல்ல வெயில் படும் இடத்தில் கருந்துளசி.
3. முற்றத்து மூலையில் செவ்வரத்தை.
4. அதற்கு இணையாக நந்தியாவர்த்தம்.
5. மதிலில் சங்குப்பூ.
6. நடைபாதை ஓரம் நித்தியகல்யாணி, அடிக்கு ஒன்றாக.
7. கோடியில் ஆடாதோடை.
8. குசினி வாசலில், சாடியில் கற்பூரவள்ளி.
9. கிணற்றடிக்குச் சற்று அப்பால் மாதுளை.
10. கிணற்று நீர் ஓடும் வாய்க்காலோரம் மஞ்சள்.

இவற்றோடு ஒரு முழப் பாத்தியை விஷ்ணுகிராந்திக்கும் சீதேவியார் செங்கழுநீருக்கும் விட்டுவைத்தல் வேண்டும். பெரிய மரமாகும் கொன்றை, வில்வம், விளா, மாவிலங்கை என்பவற்றை ஆலயக் காணியில் வைப்பதே பொருத்தம். மாரியில் தும்பையும் தூதுவளையும், சித்திரை தொடக்கம் ஆனி வரை கொன்றையும், சோளகக் காலத்தில் ஆவரசும் அலரியும், எந்நாளும் செவ்வரத்தையும் நித்தியகல்யாணியும் எனப் பூக்கூடை ஒருநாளும் வெறுமையாகாது.

ஒரு வீட்டில் இல்லாத கன்று மற்றொரு வீட்டில் இருக்கும். புரட்டாதிச் சனி நாட்களிலே ஆலயத்துக்கு வருவோர் தடியும் விதையும் கொண்டுவந்து மாற்றிக்கொண்டால் காசு செலவின்றியே கிராமம் முழுவதும் பரவும். அறநெறி மாணவர் ஆளுக்கொரு செடியைப் பொறுப்பேற்று, அதன் பெயரும் நிறமும் பயனும் எழுதிய பலகையை நாட்டலாம். சிரமதானத்துக்கு வரும் இளைஞருக்கு, செருக்கத் தொடங்குமுன், விட்டுவைக்க வேண்டிய செடிகளை முதியவர் ஒருவர் கூட நின்று காட்டினால் அதுவே ஒரு பாடமாகும்.

இறைவனுக்குச் சாத்த ஒரு பச்சிலை எல்லோராலும் இயன்றது என்பது திருமூல நாயனார் காட்டிய வழி. பொன்னும் பொருளும் கொடுக்க இயலாத வீட்டிலும் பூக் கொடுக்க இயலும். வரும் ஐப்பசியில் நடும் கன்று, அதற்கடுத்த சித்திரையில் மருத்துநீர்ப் பாத்திரத்துக்கு இலை கொடுக்கும். பொட்டலம் வாங்காமல், ஊர் மண்ணில் விளைந்த மூலிகையைக் கொண்டு காய்ச்சிய மருத்துநீரைப் பிள்ளைகளின் தலையில் வைத்துப் புத்தாண்டைத் தொடங்க எல்லாம் வல்ல இறைவன் திருவருள் புரிவாராக.

மேன்மைகொள் சைவநெறி தழைப்பதாக. சுபம்.